கட்டடத்த மூடப்போற ஆர்ட் மியூசியம்காரங்களுக்கு: கடைசியா அந்த காலிச் சுவர எங்களுக்கு காட்டிட்டு மூடுங்க

கட்டடத்த மூடிட்டு வேற இடத்துக்கு மாறப்போற, இல்ல பல வருஷ ரிப்பேருக்காக கதவ சாத்தப்போற எல்லா ஆர்ட் மியூசியத்தோட டைரக்டர்களுக்கும் டிரஸ்டிகளுக்கும், பிரியாவிடை விழா எப்படி நடத்தலாம்னு மீட்டிங் போட்டு பேசிட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் கண்காட்சிய அமைக்கிற கியூரேட்டர் கிடையாது, ஆர்க்கிடெக்ட்டும் கிடையாது. ஒரு மியூசியத்துக்கு பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்கெட்ச் புக்கோட போயி உக்காந்து வரைஞ்சிட்டு வந்த ஆளு. அந்த மியூசியத்த மூடினாங்க. மூடுற அன்னிக்கு நானும் போயிருந்தேன். அன்னிக்கு நடந்தது இன்னும் மனசுல முள்ளு மாதிரி குத்திட்டே இருக்கு, அதனாலதான் இத எழுதுறேன்.

என்னோட கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான், அத இங்கயே சொல்லிடுறேன். பிரியாவிடைய படங்க எல்லாம் சுவத்துல மாட்டியிருக்கும்போது வைக்காதீங்க. படங்கள கழட்டி, பெட்டில போட்டு, லாரில ஏத்தி அனுப்பி முடிச்சதுக்கு அப்புறம், கட்டடம் முழுசா காலியா ஆனதுக்கு அப்புறம், ரெண்டு நாளோ மூணு நாளோ கதவ தொறந்து விட்டு எங்கள உள்ள விடுங்க. விழாவ அங்க வைங்க, அந்த வெறும் சுவத்துக்கு நடுவுல.

ஏன்னு கேப்பீங்க. எனக்கு நடந்தத சொல்றேன்.

கடைசி நாள் இலவச அனுமதின்னு சொல்லிட்டாங்க, அதனால கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், வாசல்லயே ஒண்ணரை மணி நேரம் நின்னேன், உள்ள போனா எல்லாரும் அந்த நாலஞ்சு பேமஸ் படத்து முன்னாடி செல்போன தூக்கி பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்கள நான் குறை சொல்லல, கடைசி தடவை பாக்குறோம்னா யாரா இருந்தாலும் அந்த படத்துக்கிட்டதான் போவாங்க. ஆனா யோசிச்சு பாருங்க, அந்த படங்க எங்கயும் போகல. இன்னொரு கட்டடத்துல, இன்னும் நல்ல லைட்டுல, அதே படத்த மறுபடி பாக்க முடியும். பாக்க முடியாம போறது அந்த கட்டடம் மட்டும்தான். அன்னிக்கு அத யாரும் பாக்கல, நானும் பாக்கல. படிக்கட்டோட கைப்பிடிய தொட்டு பாக்கணும்னு நெனச்சுட்டே போனேன், கூட்டத்துல மறந்தே போச்சு. அஞ்சு மணிக்கு பெல் அடிச்சு எல்லாரையும் வெளிய அனுப்பினாங்க. அதுக்கு முந்தின நாள் ராத்திரி அதே ஹால்ல நன்கொடை குடுத்தவங்களுக்கு மட்டும் அழைப்பு வச்சு விருந்து நடந்துச்சுன்னு அப்புறமாதான் தெரிஞ்சுது. மறுநாள் காலைல போய் பாத்தா வாசல்ல மூடப்பட்டுள்ளதுன்னு ஒரு போர்டு, அவ்வளவுதான்.

அங்க ஒரு செக்யூரிட்டி அண்ணன் இருந்தாரு. நான் வரைய உக்காருற அறைலதான் அவருக்கு பெரும்பாலும் டியூட்டி. வருஷக்கணக்கா நாங்க பேசிக்கிட்டது ரொம்ப கொஞ்சம், ஆனா ஒருநாள் நான் பென்சில சீவிட்டு இருக்கும்போது பக்கத்துல வந்து சொன்னாரு, "நாலு மணிக்கு மேல அந்த மூலைய பாரும்மா, கூரைக் கண்ணாடி வழியா வெயில் வந்து தரைல ஒரு கோடு போடும், அந்த கோடு நகந்து நகந்து அந்த பெஞ்சுகிட்ட வரும்போது நான் கிளம்புற நேரம் வந்துடும்." பதினோரு வருஷம் அந்த அறைல உக்காந்திருந்த எனக்கு அதுவரைக்கும் அது கண்ணுல படல, ஏன்னா நான் படத்தையே பாத்துட்டு இருந்தேன். அவருக்கு கட்டடம் தெரிஞ்சிருக்கு, எனக்கு படம் மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. கடைசி நாள் அந்த கோட்ட பாக்கணும்னு நெனச்சேன். அந்த மூலைல அன்னிக்கு நூறு பேர் நின்னுட்டு இருந்தாங்க, தரையே தெரியல.

காலி சுவத்துல பாக்க என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா உங்கள்ல நிறைய பேருக்கே இது தெரியும், தினமும் பாக்குறதால பெருசா தோணாம போயிருக்கும்.

ஒரு படம் பல வருஷம் ஒரே இடத்துல தொங்கினா அது கழட்டினப்புறம் அந்த சுவத்துல அதோட நிழல் மாதிரி ஒரு கட்டம் நிக்கும், சுத்தி இருக்கிற பெயிண்ட்டோ துணியோ வெளிச்சத்துல வெளுத்துப் போயிருக்கும், படத்துக்கு பின்னாடி இருந்த இடம் மட்டும் பழைய நிறத்துலயே இருக்கும். அந்த கட்டத்த பாத்தாலே எவ்வளவு பெரிய படம், எவ்வளவு உயரத்துல மாட்டினாங்க, அதுக்கு பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு மனசு தானா போட்டு பாத்துக்கும். அப்புறம் ஆணி அடிச்ச ஓட்டைங்க. ஒவ்வொரு கண்காட்சி முடிஞ்சதும் ஓட்டைல பட்டி வச்சு தேய்ச்சு மறுபடி பெயிண்ட் அடிப்பாங்க, அடுத்த கண்காட்சிக்கு வேற நிறம், அதுக்கடுத்ததுக்கு இன்னொரு நிறம், இப்படி வருஷத்துக்கு மூணு நாலு தடவ அடிச்சு அடிச்சு சுவத்து ஓரமெல்லாம் கூர்மை போயி மழுங்கி இருக்கும். ஒரு ஸ்விட்ச் பக்கத்துல லேசா பேந்திருந்தா உள்ள செவப்பு, அதுக்குள்ள சாம்பல், அதுக்குள்ள பச்சைன்னு மரத்தோட வளையம் மாதிரி தெரியும். அந்த ஒவ்வொரு நிறமும் ஒரு கண்காட்சி. அந்த மியூசியத்தோட மொத்த சரித்திரமும் அந்த ஒரு விரல் அகல இடத்துல இருக்கு.

தரைய பாருங்க. எந்த படத்து முன்னாடி ஜனங்க அதிகமா நின்னாங்களோ அங்க மரத்தரை தேஞ்சிருக்கும். பெஞ்சு கால் இருந்த இடத்துல நாலு பள்ளம். சிற்பம் வச்சிருந்த பீடத்த எடுத்தா கீழ ஒரு புதுத்தரை. பேப்பர்ல வரைஞ்ச ஓவியங்க இருந்த அறைல 50 லக்ஸுக்கு (வெளிச்சத்த அளக்குற அளவு) மேல வெளிச்சம் விடக்கூடாதுன்னு வருஷக்கணக்கா ஜன்னல மறைச்சு போட்ட பலகைய கழட்டினா, அங்க ஒரு ஜன்னல் இருந்ததே அன்னிக்குத்தான் நமக்கு தெரியும். படங்கள காப்பாத்த மூடி வச்ச வெளிச்சம் எல்லாத்தையும் அன்னிக்கு ஒரு நாள் தொறந்து விடலாம், கெட்டுப்போக அங்க எதுவுமே இல்ல. கட்டினவங்க மனசுல எந்த வெளிச்சத்த நெனச்சு அந்த அறைய கட்டினாங்களோ அத ஜனங்க பாக்க கிடைக்கிற ஒரே நாள் அதுதான்.

சத்தமும் அப்படித்தான். காலி ஹால்ல கை தட்டினா திரும்பி வர்ற சத்தம் வேற. கண்ணு தெரியாதவங்களுக்கு ஆர்ட் மியூசியம்னாலே தொடாதீங்கன்னு சொல்ற இடம்தான். காலியான மியூசியத்துல அவங்க சுவத்த தடவிப் பாக்கலாம், தூண கட்டிப் பிடிக்கலாம், ஒரு அறைலருந்து இன்னொரு அறைக்கு போகும்போது எதிரொலி மாறுறத கேக்கலாம். வேற எந்த நாளும் உங்களால அவங்களுக்கு குடுக்க முடியாத ஒண்ணு இது.

காலி இடத்த பாக்க யார் வருவாங்கன்னு ஒரு சந்தேகம் கண்டிப்பா மீட்டிங்ல வரும். வருவாங்க. சரித்திரத்துல வந்திருக்காங்க.

1911 ஆகஸ்ட் 21ஆம் தேதி பாரிஸ் லூவ்ர் மியூசியத்துலருந்து மோனா லிசா ஓவியம் திருடு போச்சு. மியூசியத்த ஒரு வாரம் மூடி வச்சு மறுபடி தொறந்தப்போ அது தொங்கின வெறும் இடத்த பாக்க ஜனங்க வரிசைல நின்னாங்க. எழுத்தாளர் காஃப்காவும் அவரோட நண்பர் மாக்ஸ் பிராடும் கூட அந்த வருஷம் பாரிஸ் போனப்போ அந்த காலி இடத்த பாத்தாங்க. அது திருட்டு, பரபரப்பு, வேடிக்கை பாக்க வந்த கூட்டம்னு சொல்லலாம், சரி. ஆனா பாஸ்டன்ல இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் மியூசியத்துல 1990 மார்ச் 18ஆம் தேதி 13 பொருள் திருடு போச்சே, அங்க இன்னிக்கும் சில வெறும் படச் சட்டங்க (ஃப்ரேமுங்க) அதே இடத்துல தொங்குது, முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் ஜனங்க அது முன்னாடி நின்னு பாத்துட்டுதான் போறாங்க. பரபரப்பு முப்பத்தஞ்சு வருஷம் தாங்காது.

பெர்லின்ல டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைச்ச யூத அருங்காட்சியகம் 1999ல கட்டி முடிஞ்சுது, கண்காட்சி வச்சு முறையா தொறந்தது 2001ல. நடுவுல உள்ள ஒண்ணுமே இல்லாத காலிக் கட்டடத்த சுத்திப் பாக்க சுமார் 3,50,000 பேர் வந்தாங்க. அது ஆர்ட் மியூசியம் இல்ல, மூடுற கட்டடமும் இல்ல, புதுசா தொறக்கப்போற கட்டடம், அது எனக்கு தெரியும். ஆனா ஒரு கட்டடம் காலியா இருக்கும்போது அதோட பேச்ச கேக்க மூணரை லட்சம் பேர் தயாரா இருந்தாங்கங்கிறது உண்மைதானே.

இதையெல்லாம் விட என் மனச உலுக்குறது ரஷ்யாவுல லெனின்கிராடோட (இப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஹெர்மிட்டாஜ் மியூசியம். ரெண்டாம் உலகப் போர்ல, 1941ல ஜெர்மன் படை நெருங்கி வந்தப்போ பத்து லட்சத்துக்கும் மேல கலைப்பொருட்கள ரயில்ல ஏத்தி தூரமா அனுப்பிட்டாங்க. படங்கள சட்டத்துலருந்து கழட்டி எடுத்துட்டு வெறும் சட்டங்கள மட்டும் அதே இடத்துல விட்டுட்டாங்க, திரும்பி வந்ததும் எது எங்கங்கிற குழப்பம் இல்லாம இருக்கும்ல. முற்றுகை நடந்த காலத்துல பாவெல் குப்சேவ்ஸ்கின்னு ஒரு வழிகாட்டி, கட்டடத்த சுத்தம் பண்ண உதவிக்கு வந்த படைவீரங்கள கூட்டிட்டு அறை அறையா போயி, இந்த சட்டத்துல ரெம்ப்ராண்ட் வரைஞ்ச படம் இருந்துச்சு, வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து வருது, அந்தப் பக்கம் ஒருத்தர் குனிஞ்சு நிக்கிறாருன்னு ஒவ்வொரு வெறும் சட்டத்து முன்னாடியும் நின்னு ஞாபகத்துலருந்து சொல்லியிருக்காரு. பசியும் குளிரும் குண்டும் இருக்கிற ஊர்ல, ஜன்னல் ஒடஞ்ச ஹால்ல, படமே இல்லாம ஒரு மனுஷன் படம் காட்டியிருக்காரு. அவரு ஒவ்வொரு அறையையும் எத்தனை வருஷம் பாத்திருந்தா இப்படி சொல்ல முடியும்னு நெனச்சு பாருங்க. உங்க கட்டடத்துலயும் இப்படி சொல்லக்கூடியவங்க இருக்காங்க, அவங்கள பத்தி அப்புறம் வர்றேன்.

அதே போர்ல லண்டன் நேஷனல் கேலரியும் 1939ல படங்கள எல்லாம் வெளிய அனுப்பிடுச்சு, கடைசியா 1941ல வேல்ஸ்ல ஒரு கற்பலகைச் சுரங்கத்துக்குள்ள கொண்டு போயி வச்சாங்க. காலியா கெடந்த கேலரில பியானோ கலைஞர் மைரா ஹெஸ், மதிய நேரக் கச்சேரி நடத்தலாமான்னு டைரக்டர் கென்னத் கிளார்க் கிட்ட கேட்டாங்க. 1939 அக்டோபர் 10ஆம் தேதி முதல் கச்சேரி. 1946 ஏப்ரல் வரைக்கும் மொத்தம் 1,698 கச்சேரி, கேக்க வந்தவங்க 8,24,152 பேர். அந்தக் கணக்கு கடைசி ஆள் வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க, அதுவே எனக்கு ரொம்ப பிடிக்கும். அப்புறம் 1942லருந்து மாசத்துக்கு ஒரே ஒரு படத்த சுரங்கத்துலருந்து கொண்டு வந்து காலி கேலரில வச்சாங்க. முதல்ல வந்தது டிஷியன்ங்கிற பழைய இத்தாலி ஓவியரோட ஒரு படம். அத்தனை பெரிய கட்டடத்துல ஒத்தைப் படம், அத பாக்க வந்த ஜனங்க. நம்ம காலத்துல நூறு படத்த நாப்பது நிமிஷத்துல பாத்துட்டு வெளிய வர்றோம், அந்த ஒத்தப் படத்த அவங்க பாத்த மாதிரி நான் ஒரு படத்த கூட பாத்திருப்பேனான்னு தெரியல.

போர் இல்லாத காலத்துல, சாதாரணமா மூடின மியூசியங்களும் சிலது இத நல்லா பண்ணியிருக்காங்க. பெர்லின்ல ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ 1968ல கட்டின நோய நேஷனல் கேலரிங்கிற ஆர்ட் மியூசியத்த ரிப்பேருக்கு மூடுறதுக்கு முன்னாடி, ரிப்பேர் பண்ணப்போற ஆர்க்கிடெக்ட் டேவிட் சிப்பர்ஃபீல்டே அந்த கண்ணாடி ஹால்ல 144 மரத்தண்டுங்கள கூரைய முட்டுக் குடுத்து தாங்குற மாதிரி நிக்க வச்சாரு. உள்ள ஒரு தூண் கூட இல்லாம தலைக்கு மேல நிக்கிற கூரை அது. அந்த மரங்களுக்கு நடுவுல நடந்தவங்களுக்கு அந்தக் கூரை எவ்வளவு பெரிய விஷயம்னு உடம்புலயே தெரிஞ்சிருக்கும். 2015 ஜனவரில அதே ஹால்ல கிராஃப்ட்வெர்க் இசைக்குழு எட்டு ராத்திரி வாசிச்சாங்க. அப்புறம்தான் ரிப்பேர் ஆரம்பிச்சுது, மறுபடி தொறந்தது 2021ல. பாத்தீங்களா, அந்த பிரியாவிடைல நாயகன் கட்டடம்தான்.

பாரிஸ்ல பொம்பிடு சென்டர்ங்கிற நவீன ஆர்ட் மியூசியம் 1977ல தொறந்தது, உடம்புக்கு கெடுதலான ஆஸ்பெஸ்டாஸ் எடுக்கவும் முழுசா புதுப்பிக்கவும் 2025 செப்டம்பர்ல மூடிட்டாங்க, 2030ல தொறக்கிறதா திட்டம். மூடுறதுக்கு முன்னாடி கடைசி பெரிய கண்காட்சிக்கு வொல்ஃப்காங் டில்மன்ஸ்ங்கிற போட்டோ கலைஞருக்கு அவங்க குடுத்த இடம் எது தெரியுமா, அதே கட்டடத்துல இருந்து காலி பண்ணிட்டுப் போன பொது நூலகத்தோட தளம், 6,000 சதுர மீட்டர். புத்தகம் போயிடுச்சு, தரைவிரிப்பும் கொஞ்சம் மேஜை நாற்காலியும் அப்படியே இருந்துச்சு, அதுக்கு நடுவுல படங்க. வருஷக்கணக்கா அங்க உக்காந்து படிச்ச பசங்களுக்கு அந்த இடத்த கடைசியா ஒரு தடவ சுத்தி வர ஒரு வாய்ப்பு கிடைச்சுது.

நியூயார்க்ல ஆர்க்கிடெக்ட் மார்சல் பிராயர் கட்டின விட்னி ஆர்ட் மியூசியக் கட்டடத்தோட கதை இன்னும் நீளம். 1966ல தொறந்தது. 2014 அக்டோபர்ல விட்னி அங்கருந்து கிளம்புறப்போ கடைசி கண்காட்சிய 36 மணி நேரம் விடாம தொறந்து வச்சிருந்தாங்க, நடு ராத்திரி ரெண்டு மணிக்கும் ஜனங்க உள்ள இருந்தாங்க. அப்புறம் அதே கட்டடத்துக்கு 2016ல மெட்ரோபாலிட்டன் மியூசியம், சுருக்கமா மெட், குடி வந்துச்சு. 2020 மார்ச்ல ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரோட கண்காட்சி தொறந்த ஒன்பதே நாள்ல கொரோனாவுக்காக மூடினாங்க, மூடினதுதான், மெட் அங்க மறுபடி தொறக்கவே இல்ல. வழியனுப்ப யாருக்கும் வாய்ப்பில்லாம போச்சு. அதுக்கப்புறம் இன்னொரு மியூசியமான ஃபிரிக் கலெக்‌ஷன் வந்து 2021லருந்து 2024 வரைக்கும் இருந்துட்டு போச்சு, இப்ப கட்டடம் சோத்பீஸ் ஏல நிறுவனத்தோட சொத்து. ஒரே கல் சுவரு, அதே படிக்கட்டு, மூணு மியூசியம் வந்து போயிருக்கு. நான் கேக்குற ரெண்டு நாள் அந்த படிக்கட்டுக்கு கிடைச்சிருந்தா எவ்வளவு பேரு வந்து உக்காந்திருப்பாங்க.

இப்ப உங்க பக்க கஷ்டத்துக்கு வர்றேன், ஏன்னா நான் கேக்குறது லேசான விஷயம்னு சொல்ல மாட்டேன்.

படம் இடம் மாத்துறது எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் அத பராமரிக்கிற கன்சர்வேட்டர் உக்காந்து எங்க கீறல் எங்க பெயிண்ட் உரியுதுன்னு நிலை அறிக்கை எழுதணும், பதிவேட்ட பாத்துக்கிற ரிஜிஸ்ட்ரார் ஒவ்வொரு படத்தோட நம்பரையும் சரிபாக்கணும், அளவெடுத்து மரப்பெட்டி செய்யணும், பெட்டிக்குள்ள ஈரப்பதம் மாறாம பாத்துக்கணும், போய் சேந்ததும் ஒரு நாளாவது பெட்டிய தொறக்காம அந்த அறை காத்துக்கு பழக விடணும். அதனால இந்த வேலை நடக்கும்போது எங்கள உள்ள விடுங்கன்னு நான் கேக்கல. அது முழுசா முடிஞ்சப்புறம் விடுங்கன்னுதான் கேக்குறேன். உங்க இன்சூரன்ஸ் கவலை, திருட்டு கவலை, வெப்பநிலை கவலை எல்லாம் கடைசி லாரியோட சேந்து போயிடும். கோடிக்கணக்கான மதிப்புள்ள படத்துக்கு நடுவுல கூட்டத்த நிறுத்துற கடைசி நாள் விழாவ விட, காலிக் கட்டடத்துல கூட்டத்த விடுறது காவலுக்கு சுலபம்னு உங்க செக்யூரிட்டி ஹெட்டே சொல்லுவாரு, கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, கட்டடமே ஆபத்தா இருந்தா? அதுவும் நியாயமான கேள்விதான். அமெரிக்காவுல கலிஃபோர்னியால இருக்கிற பெர்க்லி ஆர்ட் மியூசியத்தோட கான்கிரீட் கட்டடம் 1970ல தொறந்தது, மேடை மேடையா விசிறி மாதிரி விரியுற கட்டடம், நிலநடுக்கத்த தாங்காதுன்னு 1997ல ஆய்வுல தெரிஞ்சுது. இரும்பு முட்டு குடுத்து அப்புறமும் பல வருஷம் ஓட்டினாங்க, 2014 டிசம்பர் 21ஆம் தேதி மூடினாங்க, புது இடத்துல 2016 ஜனவரி கடைசில தொறந்தாங்க. பதினேழு வருஷம் தெரிஞ்சே ஜனங்கள உள்ள விட்ட மாதிரி, தகுந்த ஏற்பாட்டோட இன்னும் ரெண்டு நாள் விட முடியாதுன்னு சொல்ல முடியாது. தேவைன்னா இருபது இருபது பேரா விடுங்க, நேரம் குறிச்சு டோக்கன் குடுங்க, மேல் மாடிய மூடிட்டு கீழ மட்டும் விடுங்க. ஆஸ்பெஸ்டாஸ பிரிக்கிற வேலை ஆரம்பிச்சப்புறம் யாரும் உள்ள போகக்கூடாது, அதனால அதுக்கு முன்னாடி வைங்க. காண்ட்ராக்டர் கிட்ட சாவி குடுக்கிற தேதிய ஒரு வாரம் தள்ளி எழுதணும், அதுதான் செலவு. அந்த ஒரு வாரத்த இப்பவே, ஒப்பந்தம் போடும்போதே கேளுங்க. கடைசில கேட்டா கிடைக்காது.

சரி, ஜனங்க காலியான ஹாலுக்குள்ள வந்தாச்சு. அங்க உண்மைய எழுதி வைங்க. இது எனக்கு ரொம்ப முக்கியம். படம் தொங்கின ஒவ்வொரு இடத்துலயும் பழைய லேபிள அப்படியே விடுங்க, அதுக்கு கீழ ஒரு வரி: இது இப்ப எங்க இருக்கு, மறுபடி எப்ப பாக்கலாம். கிடங்குல இருந்தா கிடங்குலன்னு எழுதுங்க. வேற மியூசியத்துக்கு கடன் குடுத்திருந்தா அந்த பேர எழுதுங்க. வித்துட்டீங்கன்னா வித்தாச்சுன்னு எழுதுங்க. வாஷிங்டன்ல கார்கரன் கேலரி 1869ல ஆரம்பிச்சது, 2014ல மியூசியமா அதோட வாழ்க்கை முடிஞ்சுது. 17,000 படைப்புகளுக்கு மேல நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் பொறுப்புக்கு போச்சு, அப்புறம் அவங்க எடுத்துக்காத மிச்சத்துல சுமார் 9,000 அமெரிக்கன் யுனிவர்சிட்டிக்கு போச்சு, இன்னும் பல இடத்துக்கு பிரிஞ்சுது. அப்படி எது எங்க போச்சுன்னு வெளிய சொன்னது நல்ல விஷயம். ஆனா ஒரு படத்த சின்ன வயசுலருந்து பாத்து வளந்த ஒருத்தருக்கு அது அறிக்கைல தெரியவேண்டிய தகவல் இல்ல, அந்த படம் தொங்கின ஆணிக்கு கீழ நின்னு படிக்கவேண்டிய தகவல்.

கட்டடத்துக்கு என்ன ஆகும்னும் சொல்லுங்க. இடிக்கப்போறீங்கன்னா இடிக்கப்போறோம்னு அன்னிக்கே சொல்லுங்க. நியூயார்க்ல அமெரிக்கன் ஃபோக் ஆர்ட் மியூசியம் 2001 டிசம்பர்ல தொறந்த புது கட்டடம், முகப்பெல்லாம் வெண்கலக் கலவைல வார்த்த தகடு, எல்லாரும் பாராட்டினாங்க. 2011ல மூடினாங்க, கட்டடம் பக்கத்துல இருக்கிற மோமா (நவீன ஆர்ட் மியூசியம்) கைக்கு போச்சு, 2014ல இடிச்சுட்டாங்க. பதிமூணு வருஷம் கூட முழுசா நிக்கல. அந்த முகப்பு தகடுங்கள மட்டும் கழட்டி பத்திரமா எடுத்து வச்சாங்க. மூடுறப்போ வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு இதுதான் இந்த சுவத்த கடைசியா பாக்குறதுன்னு தெரிஞ்சிருக்கும்? இடமாற்றம், புதிய அத்தியாயம், புதிய பயணம்னு அழைப்பிதழ்ல அழகா எழுதுறீங்க. இடிக்கப்போற கட்டடத்துக்கு அந்த வார்த்தைங்க வேண்டாம். துக்கப்பட வர்றவங்கள துக்கப்பட விடுங்க, அவங்க சந்தோஷத்தையும் கூட கொண்டு வருவாங்க.

அப்புறம் யாரு எங்களுக்கு சுத்திக் காட்டணும்ங்கிறது. தயவுசெஞ்சு அந்த ரெண்டு நாளும் மைக்க டைரக்டர் கைல குடுக்காதீங்க. செக்யூரிட்டில நின்னவங்க, படம் மாட்டினவங்க, சுவத்துக்கு பெயிண்ட் அடிச்சவங்க, ராத்திரி ஷிப்ட்ல தரை தொடச்சவங்க, டிக்கெட் கவுண்டர்ல உக்காந்தவங்க, ஏசி மெஷின் அறைய பாத்துக்கிட்டவங்க, இவங்க காட்டட்டும். அவங்களுக்கு அந்த நாளுக்கான சம்பளத்த குடுத்து, விருந்தாளியா நடத்தி, இந்த அறைய பத்தி உங்களுக்கு தெரிஞ்சத சொல்லுங்கன்னு கேளுங்க. எந்த அறைல மழைக்கு கூரை ஒழுகும், எந்த கதவு ரெண்டு தடவ இழுத்தாதான் சாத்தும், எந்த சுவத்துல ஆணி இறங்காது, எந்த படத்து முன்னாடி ஜனங்க அழுவாங்க, இதெல்லாம் எந்த கேட்டலாக்லயும் கிடையாது. கட்டடம் போனா அந்த அறிவும் அவங்களோடயே போயிடும். மூடுறப்போ இவங்கள்ல பல பேருக்கு வேலையும் போகுது, அது உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். புது இடத்துல யாருக்கு வேலை உண்டு யாருக்கு இல்லங்கிறத விழாவுக்கு முன்னாடியே அவங்க கிட்ட நேரா சொல்லிடுங்க. வேலை இருக்கா இல்லையான்னு தெரியாம ஒருத்தர் வாசல்ல நின்னு சிரிச்சுக்கிட்டு எங்கள வழியனுப்புற நிலைமை வரவே கூடாது. எங்க மியூசியத்துல அப்படித்தான் நடந்துச்சு.

ஒரு சின்ன ஆசை, இது என் சொந்த ஆசை. காலி சுவரு எப்படியும் மறுபடி பெயிண்ட் அடிக்கப்போறதுதான், இல்ல இடியப்போறதுதான். அதனால வர்றவங்க கைல ஆளுக்கு ஒரு பென்சில் குடுங்க. படம் தொங்கின அந்த பழைய நிறக் கட்டத்துக்குள்ள என்ன படம் இருந்துச்சுன்னு ஞாபகத்துலருந்து வரையச் சொல்லுங்க. வரைய தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, குழந்தைங்க எல்லாரும். ஒருத்தர் குதிரைய மட்டும் வரைவாரு, ஒருத்தர் அந்தப் பொண்ணோட கழுத்துல கெடந்த மணிய மட்டும் வரைவாரு, ஒரு குழந்தை மூலைல இருந்த நாய வரையும், அந்த நாய் அங்க இருந்ததே நமக்கு அப்பதான் ஞாபகம் வரும். ரெண்டு நாள் முடியும்போது அந்த கட்டத்துக்குள்ள நூறு பேரோட ஞாபகம் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். அத நல்லா ஒரு போட்டோ எடுத்து, புது கட்டடத்துல அந்த படம் மாட்டுற இடத்துக்கு பக்கத்துல வைங்க. ஒரு படம் எத்தனை பேர் மனசுல எப்படி எப்படி போய் தங்கியிருக்குன்னு கியூரேட்டருங்களுக்கும் அது ஒரு பாடமா இருக்கும்.

விருந்து வேண்டாம்னு நான் சொல்லல, நன்கொடை குடுத்தவங்களுக்கு நன்றி சொல்றதும் வேணும்தான், அவங்க இல்லாம பாதி மியூசியம் நடக்காது. அது வேற நாள்ல நடக்கட்டும். பாட்டு வைங்க, நாலு பேர் வயலினோட ஒரு மூலைல உக்காந்தா போதும், காலி ஹாலுக்கு மைக் வேண்டாம். ராத்திரியும் ஒரு நாள் தொறந்து வைங்க, பகல்ல வேலைக்கு போறவங்களும் வரணும்ல. பேச்சு எவ்வளவு கொறச்சலா இருக்கோ அவ்வளவு நல்லது. உக்கார பெஞ்சுங்க மட்டும் அதே பழைய இடத்துல இருக்கட்டும், அத கடைசியா எடுத்துக்கங்க.

எங்க மியூசியத்தோட கட்டடம் இன்னும் நிக்குது, சுத்தி தகரம் அடிச்சிருக்காங்க, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியல. அந்த செக்யூரிட்டி அண்ணன போன மாசம் பஸ்ல பாத்தேன். வேற ஒரு ஆபீஸ் வாசல்ல டியூட்டியாம். நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன், இருக்கேம்மா, நீ இன்னும் வரையுறியான்னு கேட்டாரு. வரையுறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே ஒண்ணும் பேசல. எறங்குறதுக்கு முன்னாடி மணிய பாத்துட்டு சொன்னாரு, "மணி நாலரை. இந்நேரம் பெஞ்சுகிட்ட வந்திருக்கும்."

மதிப்பிற்குரிய டைரக்டர்களே, டிரஸ்டிகளே, உங்க கட்டடத்துலயும் எங்கயாவது அந்த மாதிரி ஒரு கோடு தரைல விழுந்துட்டு இருக்கும். சாவிய குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் எங்களுக்கு குடுங்க. தேதிய சொல்லுங்க, வர்றோம்.

அன்போட,
ஞாயித்துக்கிழமை பென்சிலோட வர்ற உங்க பார்வையாளர்